அல்மாலினக்ஸ் 9: எல்லாம் சரி, இந்த எஸ்இலினக்ஸைத் தவிர

புது சர்வருக்கு அல்மாலினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாமா என்று நண்பர் கேட்டார். நான் 9ஆம் பதிப்பை வெளிவந்த காலத்திலிருந்தே ஓட்டிக்கொண்டிருப்பதால் கேட்டிருக்கிறார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நம்பகத்தன்மையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரெட் ஹாட் நிறுவனம் காசுக்குத் தரும் எண்டர்பிரைஸ் லினக்ஸில் ஓடுவது இதிலும் ஓடும், பாதுகாப்பு அப்டேட் 2032 வரை வரும், காசு கிடையாது. அதன் பழைய இலவச நகலான சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை ஆதரவு என்று நம்பி சர்வர்களை மாற்றியவர்களுக்கு 2020 டிசம்பரில், அடுத்த ஆண்டோடு சரி என்று சொல்லிவிட்டார்கள். அந்த வயிற்றெரிச்சலில்தான் அல்மாவும், அதேபோன்ற இன்னொரு இலவச மாற்றான ராக்கி லினக்ஸும் பிறந்தன. 2023 ஜூனில் ரெட் ஹாட் தன் மூலநிரலைப் பொதுவில் தருவதையும் நிறுத்தியது. ராக்கி அச்சு அசலாக அதேபோல்தான் இருப்பேன் என்று நின்றது. அல்மாவோ வரிக்கு வரி நகலாக இருக்க வேண்டாம், ரெட் ஹாட்டுக்கான மென்பொருள் இதில் ஓடினால் போதும் என்று வழி மாறியது. அப்போது பயந்தேன். ஆனால் அதன் பிறகு என் சர்வரில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

எரிச்சல் எஸ்இலினக்ஸில், அதாவது எந்த நிரல் எதைத் தொடலாம் என்று சாதாரண கோப்பு உரிமைகளுக்கு மேல் இன்னொரு காவல் போடும் பாதுகாப்பு அடுக்கில். என்ஜினெக்ஸ் என்ற வெப் சர்வரைப் போட்டு, பின்னால் 3000ஆம் போர்ட்டில் ஓடும் ஒரு நோட்.ஜேஎஸ் செயலிக்கு அதைத் திருப்பிவிடுகிறீர்கள். கான்ஃபிக் சரி, செயலி ஓடுகிறது, டெர்மினலில் கர்ல் கட்டளையால் செயலியை நேரடியாகக் கேட்டால் பதில் வருகிறது, பிரவுசரில் மட்டும் 502 பிழை. என்ஜினெக்ஸ் லாகில் 'பெர்மிஷன் டினைடு' என்று இருக்கும், ஆனால் யார் தடுத்தது என்று இருக்காது. உண்மையான காரணம் ஆடிட் லாகில் 'ஏவிசி டினைடு' என்று தொடங்கும் ஒரு நீண்ட வரிக்குள் இருக்கிறது, அங்கே பார்க்க வேண்டும் என்று முன்பே தெரிந்தவருக்குத்தான் அது கண்ணில் படும். தீர்வு என்னவோ அந்த அனுமதியைத் திறந்துவிடும் ஒரே ஒரு செட்எஸ்இபூல் கட்டளை.

அதைவிட மோசம் கோப்புகளை நகர்த்துவது. எஸ்இலினக்ஸ் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு லேபிள் ஒட்டி, அதைப் பார்த்துத்தான் அனுமதிக்கும். ஹோம் டைரக்டரியிலிருந்து ஒரு கோப்பை எம்வி (நகர்த்தும் கட்டளை) கொடுத்து வெப் ஃபோல்டருக்குக் கொண்டு போனால் பழைய லேபிளோடே போய் உட்காரும், உடனே 403, அனுமதி மறுப்பு. சிபி (நகலெடுக்கும் கட்டளை) கொடுத்திருந்தால் புது இடத்தின் லேபிள் கிடைத்திருக்கும். எல்எஸ் கட்டளையில் உரிமைகள் இரண்டுக்கும் ஒன்றாகவே தெரியும், பெரிய இசட் சேர்த்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். லேபிளைச் சரிசெய்யும் ரீஸ்டோர்கான் ஓட்டினால் தீர்ந்தது, சரி. ஆனால் வேறு ஃபோல்டரில் தளத்தை வைக்க வேண்டுமென்றால் அந்த இடத்துக்கு லேபிள் விதி எழுத எஸ்இமேனேஜ் கட்டளை வேண்டும், மினிமல் இன்ஸ்டாலில் அதுவே இருக்காது! பூட்டை மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு சாவியைத் தனியாக இறக்கிக்கொள்ளச் சொல்வது என்ன நியாயம்? இதில் சில தடைகளை லாகில்கூட எழுதாதே என்று பாலிசியிலேயே விதி வைத்திருக்கிறார்கள். வெறுத்துப்போய் பலர் முதல் வேலையாக செட்என்ஃபோர்ஸ் 0 அடித்து எஸ்இலினக்ஸின் தடுப்பையே நிறுத்திவிடுவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஆனாலும் நான் அதை அணைத்தது இல்லை, அணைக்கவும் மாட்டேன். 2019-ல் கண்டெய்னருக்குள் இருந்தபடியே ஹோஸ்டைப் பிடிக்க வழிவிட்ட ரன்சி (கண்டெய்னர்களை இயக்கும் கருவி) ஓட்டை வெளியானபோது, ரெட் ஹாட் 7-இல் எஸ்இலினக்ஸ் என்ஃபோர்சிங்கில் (தடுக்கும் நிலையில்) இருந்த சர்வர்களில் அந்தத் தாக்குதல் எடுபடவில்லை. பேட்ச் வருவதற்கு முன்பே காப்பாற்றும் ஒரு வேலி இலவசமாகக் கிடைப்பது பெரிய விஷயம். மென்பொருள்களை நிறுவும் டிஎன்எஃப் கருவியின் ஹிஸ்டரி அண்டூவையும் சொல்லியாக வேண்டும். ஒரு அப்டேட் காலை வாரினால் அந்தப் பரிவர்த்தனையை மட்டும் எண் கொடுத்துத் திருப்ப முடிகிறது (பழைய பேக்கேஜ் ரெபோவில் இன்னும் இருந்தால்), இந்த வசதிக்குப் பழகிவிட்டால் விட மனசு வராது.

இவ்வளவு சொல்லிவிட்டு என் பதில்: வேண்டாம். தனியாளாக ஒரே ஒரு சர்வரை, வேலை முடிந்து வந்து ராத்திரியில் பார்த்துக்கொள்பவருக்கு இது சரிப்படாது, டெபியன் போடுங்கள். என் சர்வரை நான் மாற்றப்போவதில்லை, அது வேறு கதை. இந்த லேபிள் சண்டை எனக்குப் பழகிவிட்டது, அந்த வேலி இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. இல்லை, அல்மாதான் என்று நீங்கள் பிடிவாதமாக நின்றால், என்ஜினெக்ஸைத் தொடுவதற்கு முன்பே பாலிசிகோர்யூட்டில்ஸ்-பைதான்-யூட்டில்ஸ் (எஸ்இமேனேஜ் இதில்தான் இருக்கிறது), செட்ரபிள்ஷூட்-சர்வர் இரண்டையும் இன்ஸ்டால் செய்துவிடுங்கள். இரண்டாவது இருந்தால் யார் தடுத்தார்கள், என்ன கட்டளை கொடுக்க வேண்டும் என்று ஓரளவு புரிகிற மொழியில் லாகில் எழுதும். இது ஏன் தொடக்கத்திலிருந்தே கூடவே வரக்கூடாது என்பதுதான் எனக்கு இன்னமும் புரியவில்லை.