கல்லாற்றுக் கலியாணம்: ஐயர் ஒருவர், எழுத்து இன்னொருவர்

மணவறைக்கு என்ன விலை என்று கேட்டால் ஊரில் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். மேளத்துக்கு, வீடியோவுக்கு, பந்திச் சாப்பாட்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. ஐயருக்கு எவ்வளவு என்று கேட்டால் மட்டும், "அது நீங்க பார்த்துச் செய்றதுதானே" என்று சிரிப்பார்கள். கனடாவிலிருந்து போனவனுக்கு இதைவிடச் செலவு வைக்கிற பதில் கிடையாது. பார்த்துச் செய்வது என்றால் எதைப் பார்த்து? ஊர்க்காரர் கொடுப்பதைப் பார்த்தா, நான் வந்திறங்கிய வான் வண்டியைப் பார்த்தா?

தங்கச்சியின் மகளுக்கு மட்டக்களப்பு மாவட்டத்துப் பெரியகல்லாற்றில் கலியாணம். மாப்பிள்ளை ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் வளர்ந்த பிள்ளை, தாய் தகப்பன் யாழ்ப்பாணத்து வடமராட்சி. தாய்மாமன் என்ற முறையில் ஐயரும் எழுத்தும் (சட்டப்படியான விவாகப் பதிவைத்தான் ஊரில் எழுத்து என்பார்கள்) என் பொறுப்பு என்று தங்கச்சி ஒப்படைத்துவிட்டாள். மற்றச் செலவுகளைப் பற்றி இங்கே நான் எழுதப்போவதில்லை. அதற்கெல்லாம் விலைப்பட்டியலே இருக்கிறது.

முதலில் நாள். கனடாவில் பள்ளிக்கூட விடுமுறை ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் வருகிறது. ஜூலை நடுவில் ஆடி பிறந்தால் ஓகஸ்ட் நடு வரைக்கும் நம்மவர் கலியாணம் வைக்கமாட்டார்கள். அந்த ஆடியில்தான் மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழாவும் வரும், ஆடி அமாவாசைத் தீர்த்தத்தோடு முடியும். திருக்கோவிலிலும் அதே நாளில் தீர்த்தம். ஆகவே வெளிநாட்டுக் குடும்பங்கள் எல்லாம் ஆனிக் கடைசியிலோ ஆவணித் தொடக்கத்திலோ வந்து விழுகின்றன. ஒரு நல்ல முகூர்த்த நாளில் ஒரே குருக்கள் இரண்டு மூன்று கலியாணம் ஒப்புக்கொள்வது இதனால்தான். முன்கூட்டியே மண்டபம் பதிகிற ஆட்கள்கூட, "ஐயர்தானே, பிறகு பார்ப்பம்" என்று விட்டுவிடுகிறார்கள். மண்டபம் கிடைக்காவிட்டால் வீட்டு வளவில் பந்தல் போடலாம். ஐயர் இல்லாவிட்டால் என்ன போடுவது?

மூன்று வழி இருந்தது. மாப்பிள்ளையின் தாயார் தொலைபேசியில் சொன்னது கொழும்பிலிருந்து ஒருவரை அழைப்பது. ஆங்கிலத்திலும் விளக்கம் சொல்வார், பிள்ளையின் கூட்டாளிமாருக்குப் புரியும் என்பது அவர் நியாயம். அந்தக் கொழும்பு ஐயருக்குச் சொன்ன கணக்கு, வாகனம், உதவியாளர், தங்குமிடம் எல்லாம் சேர்த்து இரண்டு இலட்சம் ரூபாயைத் தாண்டியது. மட்டக்களப்பு டவுனில் ஒருவர், சாமான் எல்லாம் தானே கொண்டுவருவதாக 80,000 சொன்னார். தங்கச்சி வீட்டார் கும்பிடுகிற கோயிலின் குருக்கள் 40,000 போதும் என்றார், சாமான் எங்கள் பொறுப்பு.

எங்கள் பக்கத்தில் குருக்கள் என்றால் பிராமணக் குருக்கள் மட்டும் அல்ல. கோயிலிலும் வீட்டுக் கிரியைகளிலும் வீரசைவக் குருக்கள் பரம்பரையும் நெடுங்காலமாக இருக்கிறது. எந்தக் குடும்பம் யாரைக் கூப்பிடும் என்பது குடி (தாய்வழிக் குலம்) வழக்கம், கோயில் உரிமை என்று பின்னிக்கிடக்கிற விஷயம். வெளியிலிருந்து வந்த நாம் காசைக் காட்டி அதை மாற்றினால் பேச்சு வரும். அதோடு கிழக்கில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வாசலில் நடக்கிற கலியாணத்துக்கு அந்த வாசலுக்கு வழக்கமாக வருகிற ஐயரை விட்டுவிட்டு இன்னொருவரை ஏற்றினால், நாளைக்குக் குடிபுகுதலுக்கும் பிள்ளைக்குப் பேர் வைக்கவும் தங்கச்சி யாரிடம் போவாள்? கொழும்பு ஐயர் அதற்கெல்லாம் வரப்போவதில்லை.

ஆனாலும் மலிவு என்பதற்காக ஊர்க் குருக்களைப் பிடித்தோம் என்று சொல்லமாட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோது அந்த 40,000 அவ்வளவு மலிவாகவும் இருக்கவில்லை. சாமான் துண்டு ஒன்று எழுதித் தந்தார். தர்ப்பை, சமித்து, நெய், நவதானியம், நெல்பொரி, கும்பத்துக்குச் செம்பும் நூலும், பச்சரிசி, தேங்காய் என்று போய், அடியில் "வேட்டி சால்வை, எனக்கும் உதவிக்கு வாறவருக்கும்" என்று முடிந்திருந்தது. முளைப்பாலிகைக்கு நவதானியம் முன்கூட்டியே ஊறவைத்து முளைக்கவிட வேண்டும் என்று பக்கத்தில் சின்ன எழுத்தில் குறித்திருந்தார். அந்த ஒரு வரியைப் பார்த்த பிறகுதான் இந்த ஆள் சரி என்று எனக்குப் பட்டது. டவுன்காரர் எல்லாம் நான் கொண்டுவருவேன் என்றாரே தவிர, என்னவெல்லாம் என்று கேட்டதற்கு நேரே பதில் தரவில்லை.

அதன் பிறகு நான் கேட்டவை இவைதான்: அன்றைக்கு வேறு முகூர்த்தம் இருக்கிறதா, எத்தனை பேர் வருவீர்கள், போக்குவரத்து யார் செலவு, பொன்னுருக்குக்கும் (தாலிக்குப் பொன் உருக்குகிற சடங்கு) கன்னிக்கால் ஊன்றவும் தனித் தட்சணையா, இதிலேயே அடக்கமா? தங்கச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது, ஐயரிடம் பேரம் பேசுகிறேனாம். குருக்கள் கோபிக்கவில்லை. "தம்பி, அண்டைக்கு எனக்கு இன்னொரு முகூர்த்தமும் இரிக்கி. உங்கடதுதான் முதல். அது முடியாம நான் எழும்ப மாட்டன். பொன்னுருக்குக்கு மட்டும் நீங்க விரும்பினதத் தாங்க" என்றார். இப்படி வாய்விட்டுச் சொல்கிறவரிடம் பேசுவது எவ்வளவோ நிம்மதி. கொப்பியில் எழுதி அவரிடமே வாசித்துக் காட்டினேன், தலையாட்டினார்.

பஞ்சாங்கத்தில் ஒரு சிக்கல் வந்தது. பஞ்சாங்கம் இரண்டு வகை: மாப்பிள்ளை வீட்டார் திருக்கணிதம் பார்க்கிறவர்கள், எங்கள் ஐயர் வாக்கியம். திதியும் நட்சத்திரமும் முடிகிற நேரம் இரண்டிலும் ஒன்றாக இருக்காது. ரொறொன்ரோவில் குறித்து அனுப்பிய நேரத்தை அவர் இரண்டு பஞ்சாங்கத்தையும் விரித்து வைத்துப் பார்த்து, இரண்டிலும் பழுதில்லாத நேரத்தை எடுத்துத் தந்தார். தட்சணை எவ்வளவு என்று கேட்பதற்கு முன் எந்தப் பஞ்சாங்கம் என்று கேளுங்கள். அழைப்பிதழ் அடித்த பிறகு இந்தப் பிரச்சினை வந்தால் சம்பந்திமார் இரண்டு பக்கமும் மூஞ்சியை நீட்டுவார்கள்.

ஆங்கில விளக்கத்துக்குக் கொழும்பு வரைக்கும் போகத் தேவைப்படவில்லை. காப்புக் கட்டுவது, கன்னிகாதானம், கூறை, தாலி, பொரியிடல், அம்மி மிதிப்பது, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதி என் மூத்த மகள் மைக்கில் வாசித்தாள். குருக்கள் அந்தந்த இடத்தில் நிறுத்திக் கொடுத்தார். தாலி கட்டுகிற நேரம் பெரியம்மாமார் எழுப்பிய குரவையில் மேளச்சத்தமே அமுங்கிப்போனது. மைக்கில் என்ன சொன்னாள் என்று ஒருவருக்கும் கேட்டிருக்காது, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஒரேயொரு ஆவலாதி வீடியோக்காரரைப் பற்றி. அம்மியில் கால் வைக்கிற காட்சியைத் திரும்பச் செய்யச் சொன்னார். ஐயர் கையை நீட்டி, "கிரியை நடிக்கிறது இல்ல" என்று நிறுத்திவிட்டார். அந்த ஒரு இடத்துக்கே கூடக் கொடுக்கலாம்.

இனி எழுத்து. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பழகியவர்கள் இதில்தான் குழம்புகிறார்கள். அங்கே நகரசபையில் 90 நாள் செல்லுபடியாகிற உரிமப்பத்திரம் எடுத்தால், மாகாணத்தில் பதிவுபெற்ற ஐயரே கிரியையும் செய்து கையெழுத்தும் போடுவார். ஒரே ஆள், ஒரே செலவு. இலங்கையில் ஐயர் மணவறையோடு சரி. சட்டப்படியான பதிவு 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் விவாகப் பதிவாளர் செய்வது. முஸ்லிம்களுக்கு 1951ஆம் ஆண்டின் தனிச்சட்டம். காத்தான்குடிக் கூட்டாளி இதைக் கேட்டுச் சிரித்தான்: "எங்களுக்கும் ஓதுறவர் ஒருத்தர், எழுதுறவர் ஒருத்தர்தான்."

கல்லாறு மண்முனை தென் எருவில் பற்றில் அடங்குகிறது, பிரதேச செயலகம் களுவாஞ்சிக்குடியில். பதிவுக்கு முன் அறிவித்தல் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். விசேட அனுமதிப்பத்திரம் எடுத்தால் அந்தக் காத்திருப்பு குறையும், செலவு கூடும். பதிவாளரை வீட்டுக்கு அழைத்தால் அதற்கும் தனிக்கட்டணம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர் பிறப்புச் சான்றிதழோடு, தான் மணமாகாதவர் என்பதற்கான சான்றும் கொண்டுபோக வேண்டும். இதை ஊரில் இறங்கியபின் தேடமுடியாது, அங்கிருந்தே எடுத்து வர வேண்டும். கேட்கிற ஆவணங்கள் அவ்வப்போது மாறுவதால், டிக்கெட் போடுவதற்கு முன் ஊரிலுள்ள ஒருவரைச் செயலகத்துக்கு அனுப்பி விசாரிப்பது நல்லது.

கலியாணத்தன்று மணவறைக்குப் பக்கத்தில் மேசை போட்டு எழுத்தை முடிக்கிற வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. நாங்கள் முன்னதாகவே வேறொரு நாளில் வைத்துக்கொண்டோம். கூறைச்சேலையும் பூமாலையுமாக வியர்த்துக்கொண்டு நிற்கிற பெண்ணிடம் படிவத்தைக் கொடுத்தால் அவள் எதை வாசிப்பாள்? அமைதியாக உட்கார்ந்து வாசித்ததால்தான், மருமகளின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் எழுதிவைத்த படிவத்தில் இன்னொரு மாதிரியும் இருந்தது கண்ணில் பட்டது. எழுதியவர், "அது பெரிய விஷயமில்ல" என்றார். மனைவியைக் கனடாவுக்கு அழைக்க ஸ்பொன்சர் போடுகிறவனுக்கு அது பெரிய விஷயம். கையெழுத்து விழுந்த பிறகு பதிவைத் திருத்துவது இலேசான வேலையல்ல. சாட்சிக்கு இரண்டு பேர். நானும் மாப்பிள்ளையின் சித்தப்பாவும் அடையாள ஆவணங்களோடு தயாராக நின்றோம்.

வரவுசெலவில் கடைசியாக வந்தவை சின்னச் சின்னவை. தட்சணையை வெற்றிலைத் தட்டில் வைத்துத் தங்கச்சியும் மச்சானும் கொடுத்தார்கள், நான் ஒதுங்கி நின்றேன். உதவிக்கு வந்த பொடியனுக்குத் தனி உறை. கோயிலுக்கு ஒரு தொகை, அதற்குப் பற்றுத்துண்டு வெட்டித் தந்தார்கள். சாமான், வேட்டி சால்வை, பொன்னுருக்கு, வான் கூலி எல்லாம் சேர்த்தபோது டவுன்காரர் சொன்னதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அந்தக் குறைவு விவாகச் சான்றிதழின் மேலதிகப் பிரதிகளுக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளருக்கும் போய்விட்டது. ஒரு பிரதி மொழிபெயர்ப்போடு ஸ்பொன்சர் கோப்புக்கு, ஒன்று மாப்பிள்ளை வீட்டாருக்கு, மீதியைத் தங்கச்சி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறாள்.