மை ஊறாத 52 ஜிஎஸ்எம் டைரி என்று ஆசை காட்டினால் நம்பிவிடாதீர்கள்

கையடக்க டைரி, ஒரு நாளைக்கு ஒரு பக்கம், ஜப்பானியத் தாள், எந்தப் பேனாவில் எழுதினாலும் மை ஊறாது என்று ஒரு விளம்பரம் உங்கள் கண்ணில் பட்டால், காசு கட்டும் முன் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது நாலு டைரிக் காசு. அதாவது இதே அளவில் ஓரளவு நல்ல டைரியாகவே நாலு வாங்கியிருக்கலாம். அத்தனையும் கொடுத்து ஒன்றே ஒன்று வாங்கினேன், அந்த ஒன்றும் இப்போது மேசை மேல் துண்டு துண்டாகக் கிடக்கிறது.

விற்றவர்களின் பெயரைச் சொல்லப் போவதில்லை, வங்கியில் முறையீடு போய்க்கொண்டிருக்கிறது. எழுதுபொருள் மட்டும் விற்கிற சின்ன ஆன்லைன் கடை. அழகழகான படங்கள், பழுப்புப் பெட்டி, பார்சலுக்குள் கையால் எழுதிய நன்றி அட்டை, அந்த ரகம். இந்த மாதிரிக் கடை நடத்துகிற எல்லாரும் மோசம் என்று சொல்லவில்லை. இவர்கள் மோசம்.

முதலில் ஏன் இவ்வளவு விலை கொடுத்து வாங்கினேன் என்று கேட்பீர்கள். நான் கேட்டது ஏ6 அளவு, அதாவது 105க்கு 148 மில்லிமீட்டர், கைப்பைக்குள் அடங்கிவிடும். ஆனால் நாளைக்கு ஒரு பக்கம் என்றால் 365 பக்கம், குறைந்தது 183 தாள், அதற்கு மேல் மாதக் காலண்டர், குறிப்புப் பக்கங்கள் வேறு. பிரிண்டரில் போடுகிற சாதாரண 80 ஜிஎஸ்எம் தாளில் (ஜிஎஸ்எம் என்பது தாளின் எடைக் கணக்கு, குறைந்தால் தாள் மெல்லியது) இதைச் செய்தால் தாள்கட்டு மட்டும் இரண்டு சென்டிமீட்டர் தடிமன் வந்துவிடும். பைக்குள் வைக்க ஒரு செங்கல் எதற்கு? அதனால்தான் மெல்லிய தாளைத் தேடுகிறோம். மெல்லிய தாள் என்றால் மை மறுபக்கம் ஊறும், அதுதான் சிக்கல். இரண்டுக்கும் ஈடு கொடுக்கிற தாள்கள் சில இருக்கின்றன, ஜப்பானிய டோமோஏ ரிவர் தாள் அதில் பேர்போனது, 52 ஜிஎஸ்எம்தான் இருக்கும், இங்க் பேனாவில் எழுதினாலும் மறுபக்கத்தில் நிழல் மாதிரி தெரியுமே தவிர மை ஊறி வராது. என்ன, காய்வதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அவசரப்பட்டுப் பக்கத்தை மூடினால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். நல்ல தாளில் செய்தது விலையும் அதிகம்தான், ஆகவே விலையைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வரவில்லை, வர வேண்டிய காரணமும் இல்லை.

நம்பிய இடம் எது என்று சொல்கிறேன், ஏனென்றால் இவர்கள் பிழைப்பே அந்த இடத்தில்தான் ஓடுகிறது. வாங்குவதற்கு முன் மெசேஜில் கேட்டேன், "நான் இங்க் பேனாவில்தான் எழுதுவேன், கொஞ்சம் தடித்த முனை, மறுபக்கம் ஊறுமா?" இரண்டே நிமிடத்தில் பதில். "சிஸ்டர், பயமே வேண்டாம், நாங்களே தினமும் இதில்தான் எழுதுகிறோம்." கூடவே ஒரு படம், அடர் ஊதா மையில் பக்கம் நிறைய எழுதியிருந்தது, அடுத்த படம் அதே தாளின் மறுபக்கம், ஒரு பொட்டு மை இல்லை. எந்தப் பேனா, எந்த மை என்றுகூடச் சொன்னார்கள். என்னுடைய பேனா என்ன என்று விசாரித்தார்கள். "அதுக்கு இன்னும் அழகா எழுதும் சிஸ்டர்" என்றார்கள். இவ்வளவு பேசுகிற ஆள் பொய் சொல்வார் என்று யாருக்குத் தோன்றும்? அன்று இரவே பணம் கட்டிவிட்டேன்.

டிசம்பர் நடுவில் பார்சல் வந்தது. அட்டை அருமை, நாடா இரண்டு, அளவு சொன்னபடி ஏ6. புரட்டிப் பார்த்தேன், எல்லா நாளும் இருந்தது, கிழமைகள் சரியாக இருந்தன, முன்பக்கத்தில் பெயர் எழுதி வைத்துக்கொண்டேன். படத்தில் இருந்த சின்னச் சின்னக் கட்டங்களுக்குப் பதில் கோடு போட்டிருந்தது, கேட்டதற்குப் புதிய பதிப்பு என்றார்கள். சரி, கோடு எனக்குப் பரவாயில்லை.

இங்கேதான் பொறி. திரும்பக் கொடுப்பதற்கு ஏழு நாள். டைரி தொடங்குவதோ ஜனவரி 1. டிசம்பர் நடுவில் கையில் கிடைத்ததை எடுத்து வைத்துவிட்டு, எல்லாரும் செய்கிற மாதிரி ஜனவரியில்தான் பேனாவைத் திறப்போம், அதற்குள் அந்த ஏழு நாள் ஓடியே போயிருக்கும். முன்கூட்டி எழுதிப் பார்த்தாலோ, அது பயன்படுத்திய பொருள், திரும்ப எடுக்க மாட்டார்கள். எழுதாமல் தாளைச் சோதிக்க முடியாது, எழுதினால் திருப்ப முடியாது. எப்படி இருக்கிறது பாருங்கள் ஏற்பாடு.

ஜனவரி முதல் நாளே மை ஊறியது. ஏதோ அந்த ஒரு தாள் அப்படி என்று பார்த்தால் அடுத்ததும் அப்படித்தான். எழுத்தின் ஓரங்களில் மை நூல் நூலாகப் பிரிந்து ஓடுகிறது, புள்ளி வைத்த இடமெல்லாம் மறுபக்கத்தில் மச்சம் மாதிரி இறங்கியிருக்கிறது. அதையும் சகித்துக்கொண்டு எழுதினேன். என் பழக்கம், வேலை முடிந்தால் அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்து அடித்துவிடுவது. 7ஆம் தேதியும் 8ஆம் தேதியும் ஒரே தாளின் இரண்டு பக்கங்கள். 7ஆம் தேதி மூன்றாவது வரியில் இருந்த வேலையை முடித்து அடித்தேன், அந்தக் கோடு அப்படியே ஊறி 8ஆம் தேதியின் மூன்றாவது வரியையும் அடித்துவிட்டது. எழுத்து என்றால் மறுபக்கம் வலமிடமாகத் தெரியும், கண்டுபிடித்துவிடலாம். கோட்டுக்கு வலம் ஏது இடம் ஏது? மறுநாள் காலையில் பார்க்கிறேன், பல் மருத்துவரிடம் நேரம் மாற்றிக் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்த வரி, முடித்துவிட்ட வேலை மாதிரி அழகாக அடிபட்டுக் கிடக்கிறது. முடிந்தது என்று நினைத்துக் கடந்துவிட்டேன். போகாத சந்திப்புக்கும் சேர்த்து மருத்துவமனையில் பணம் வாங்கிவிட்டார்கள். வேலையை நினைவுபடுத்தத்தானே ஐயா டைரி, மறக்கடிக்கவா?

அப்புறம் பைண்டிங். ஜனவரி முடிவதற்குள் முதுகு வெடித்து, முன்பாதி கற்றையாகக் கையோடு வந்தது. "நூல் தையல், மேசையில் தட்டையாக விரியும்" என்று போட்டிருந்தார்கள். உள்ளே ஒரு நூல் இல்லை. தனித்தனித் தாளாக வெட்டி முதுகில் பசை தடவி ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். தட்டையாக விரிக்க அழுத்தினால் பசை உடையாமல் என்ன செய்யும்?

கழன்று வந்ததில் ஒரே ஒரு நன்மை, தாளை எடை போட முடிந்தது. இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ரொம்பச் சுலபம். ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பது. ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர், அதை ஆறு முறை பாதியாக்கினால் ஏ6, ஆக 64 ஏ6 தாள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். 64 தாளை எண்ணித் தராசில் வைத்தால் வருகிற கிராம்தான் ஜிஎஸ்எம். 52 என்று சொன்னால் 52 கிராம் வர வேண்டும். சமையலறை டிஜிட்டல் தராசில் வைத்தேன். 79. பிரிண்டர் தாள்! நாலு டைரிக் காசு வாங்கிக்கொண்டு பிரிண்டர் தாளை வெட்டி ஒட்டித் தந்திருக்கிறார்கள். நான் ஏன் இந்த டைரி இவ்வளவு குண்டாக இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இனி அவர்கள் பதில் சொன்ன அழகு. பணம் கட்டும் வரை நான் சிஸ்டர். புகார் போட்ட நிமிடத்திலிருந்து "டியர் கஸ்டமர்". முதல் பதில், உங்கள் பேனாவில் மை அதிகமாக வருகிறது, வேறு பேனாவில் எழுதிப் பாருங்கள். எந்தப் பேனா என்று விசாரித்து, அதற்கு இன்னும் அழகாக எழுதும் என்று சொன்னவர்களே இவர்கள்தான், அந்த மெசேஜையே திருப்பி அனுப்பினேன். பதில் இல்லை. திரும்பக் கேட்டதும், பார்சல் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருக்கிறதா என்றார்கள். இருந்தது, அனுப்பினேன். "வீடியோவில் எந்தக் குறையும் தெரியவில்லை" என்று வந்தது. மூடியிருக்கிற டைரியைப் பெட்டியிலிருந்து எடுக்கிற வீடியோவில் மை ஊறுவது எப்படி ஐயா தெரியும்?

பிறகு தராசுப் படத்தை அனுப்பினேன். அதற்குப் பதில், முன்பக்கத்தில் பெயர் எழுதியிருப்பதால் இது பயன்படுத்திய பொருள், மேலும் ஏழு நாள் கடந்துவிட்டது. அப்புறம் மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார்கள், அந்த மேலிடம் எங்கே இருக்கிறது என்று இன்று வரை தெரியவில்லை. போன் நம்பர் என்று போட்டிருப்பது அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆள் கிடையாது. இதற்கிடையில் அவர்கள் பக்கத்தில் போய்ப் பார்த்தால் 52 ஜிஎஸ்எம் என்ற வரியே காணோம், "பிரீமியம் தாள்" என்று மாற்றிவிட்டார்கள்! நல்லவேளை, என்னிடம் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. இந்த லட்சணத்தில், உங்கள் அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று தானாக ஒரு மெயில் வேறு.

கடைசியாக அவர்கள் கொடுத்த "சலுகை" என்ன தெரியுமா? பணம் திரும்பக் கிடையாது, அடுத்த ஆர்டரில் பாதி விலைக்குக் கூப்பன். நாலு டைரிக் காசைத் தொலைத்தவள் இன்னும் இரண்டு டைரிக் காசைக் கொண்டுபோய் அதே ஆளிடம் கொடுக்க வேண்டுமாம். வேண்டாம் என்றதும், மாற்று டைரி ஸ்டாக் வந்ததும் அனுப்புகிறோம், காத்திருங்கள் என்றார்கள். காத்திருங்கள் என்பதைச் சட்டையோ செருப்போ விற்றவர் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். தேதி போட்ட டைரி நாளுக்கு ஒரு பக்கம் செத்துக்கொண்டிருக்கிற பொருள், ஏப்ரலில் வந்தால் கால் பங்கு குப்பை. அது அவர்களுக்கும் நன்றாகத் தெரியும், இழுத்தடித்தால் நாமே வெறுத்துப்போய் வேறு ஒன்று வாங்கிவிடுவோம் என்றுதான் இழுக்கிறார்கள். நானும் வேறு ஒன்று வாங்கியாகிவிட்டது, வேலை நிற்குமா?

டைரியை எப்படித் தேர்ந்தெடுப்பது, நாளைக்கு ஒரு பக்கமா வாரத்துக்கு இரண்டு பக்கமா, நேரம் போட்டதா போடாததா என்றெல்லாம் விரிவாகச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்கு மனசு இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தில் தாள், ஜிஎஸ்எம், தையல் பற்றி என்ன போட்டிருக்கிறார்களோ அதைக் காசு கட்டும் முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், ஆர்டர் மெயிலில் பொருளின் பெயர் மட்டும்தான் வரும். கையில் வந்ததும் முதுகை மேலிருந்து பாருங்கள், மடித்த சின்னச் சின்னக் கட்டுகளாகத் தெரிய வேண்டும், ஒரு கட்டின் நடுவில் விரித்தால் நூல் தெரிய வேண்டும், ஒரே பாளமாக இருந்தால் அது பசை. தாளைக் கிழிக்க வேண்டியதில்லை, முழு டைரியை நிறுத்தாலே போதும். 52 ஜிஎஸ்எம்மில் 200 தாள் ஏ6 என்றால் தாள் மட்டும் 160 கிராம் சொச்சம், 80 என்றால் 250 கிராம். அட்டைக்கு ஓரளவு கழித்துப் பார்த்தால் பொய் பிடிபட்டுவிடும், இதற்கு ஒரு எழுத்துகூட எழுத வேண்டியதில்லை, ஏழு நாளுக்குள் செய்துவிடலாம். பெயர் எழுதாதீர்கள், அது அப்புறம். சோதித்துப் பார்க்கக் கடைசியில் வெற்றுப் பக்கம் இருக்கிறதா, அதில் எழுதினால் திரும்ப எடுப்பீர்களா என்று வாங்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள். பால்பாயிண்ட் பேனாதான் உங்களுக்கு என்றால் இந்த ஜப்பானியத் தாளெல்லாம் தேவையே இல்லை, சாதாரண டைரியே போதும். கூப்பன் கொடுத்தால் வாங்காதீர்கள், வாங்கிக்கொண்டால் விஷயம் தீர்ந்தது என்று எழுதிவிடுவார்கள். கார்டில் கட்டியிருந்தால் அவர்களிடம் கெஞ்சி நாளை ஓட்டாமல் நேராக வங்கியில் முறையிடுங்கள், அதற்கும் கால வரம்பு உண்டு.