ஓவுலேஷன் ஸ்ட்ரிப்: மலிவு, வேலை செய்கிறது, ஆனால்...

திருகோணமலை டவுன் பாமசியில் இந்த ஸ்ட்ரிப்பைக் கேட்டேன், கர்ப்பம் பார்க்கிற கார்ட்டை எடுத்து நீட்டினார்கள். "இது இல்லைத் தம்பி, முட்டை வாறது பார்க்கிறது" என்று பின்னால் நின்ற ஐயாவுக்கும் கேட்கச் சொன்ன பிறகுதான் உள்ளேயிருந்து பெட்டி வந்தது. பெயர் கேள்விப்படாத கொம்பனி. மெல்லிய காகித ஸ்ட்ரிப்கள், ஒவ்வொன்றும் தனி உறையில். விலை பரவாயில்லை. டிஜிட்டல் கருவியின் விலையைக் கேட்டுவிட்டு அதை அலுமாரியிலேயே விட்டுவிட்டேன்.

இது பார்ப்பது சிறுநீரில் உள்ள எல்.எச். ஓமோனை. மூளைக்கு அடியில் இருக்கிற கபச்சுரப்பிதான் அதைச் சுரக்கிறது. மாதவிடாய் தொடங்குகிற நாட்களில் அதே சுரப்பியின் எஃப்.எஸ்.எச். ஓமோன் சூலகத்தில் முட்டை இருக்கிற சில புடைப்புகளை வளர்க்கும். வழக்கமாக ஒன்றுதான் முந்தும். முந்துகிற புடைப்பு ஈஸ்திரசன் என்ற ஓமோனைச் சுரக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இனித்தான் வருகிறது. ஈஸ்திரசன் கொஞ்சமாக இருக்கும்வரை கபச்சுரப்பியை அடக்கி வைக்கிறது. அதே ஈஸ்திரசன் நன்றாகக் கூடி, இரண்டு நாள் போல இறங்காமல் நின்றால், அடக்குவதை விட்டுத் தூண்ட ஆரம்பிக்கிறது! எல்.எச். மளமளவென்று ஏறும். ஏறத் தொடங்கி ஏறக்குறைய 36 மணித்தியாலத்தில் புடைப்பு உடைந்து முட்டை வெளியே வரும். முட்டைக்கு ஆயுள் 12 முதல் 24 மணித்தியாலம்தான். விந்தணு 5 நாள்வரை தாக்குப்பிடிக்கும் என்பதால், கோடு தடிக்கட்டும் என்று கணவனும் மனைவியும் காத்திருக்கத் தேவையில்லை.

உள்ளே இருந்த துண்டுக் காகிதத்தில் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். கர்ப்பச் சோதனைக்கு மங்கலான கோடு போதும், இதற்குப் போதாது. டெஸ்ட் கோடு, ஸ்ட்ரிப் வேலை செய்கிறது என்று காட்டுகிற கொன்ட்ரோல் கோட்டின் அளவுக்கோ அதைவிடவோ கடுமையாக இருந்தால்தான் பொசிட்டிவ். காலையில் எழும்பின உடனே பார்க்கவும் வேண்டாம். எல்.எச். ஏற்றம் பெரும்பாலும் விடியப்புறம் தொடங்கும். சிறுநீரில் தெரியச் சில மணித்தியாலம் பிடிக்கும். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்து இரண்டு மணி போலப் பார்ப்பேன். அதற்கு முந்தி இரண்டு மணித்தியாலம் தண்ணீரைக் குறைக்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதத்தில் உவர்மலை ஏறி வருகிறவளுக்கு அது தண்டனை.

பெட்டியில் 30 பாகைக்கு மேல் வைக்கக்கூடாது என்று போட்டிருக்கிறது. நம் ஊரில்! வெயில் விழுகிற கண்ணாடி அலுமாரியில் இருந்தால் வாங்காதீர்கள். ஸ்கூட்டி சீட்டுக்கு அடியிலும் விட்டுவைக்காதீர்கள்.

முட்டை வந்துவிட்டது என்று இந்த ஸ்ட்ரிப் சொல்லாது. கபச்சுரப்பி கட்டளை அனுப்பியது என்பது மட்டும்தான் தெரியும். முட்டை வந்ததா என்று பார்க்க, அடுத்த மாதவிடாய்க்கு ஒரு கிழமை முன்னால் புரோஜெஸ்தரோன் என்ற ஓமோனுக்கான இரத்தப் பரிசோதனை இருக்கிறது, ஸ்கானும் இருக்கிறது. பி.சி.ஓ.எஸ். என்கிற ஓமோன் கோளாறு உள்ள சிலருக்கு எல்.எச். எப்போதும் கூடுதலாகவே இருக்கும். ஸ்ட்ரிப் சும்மா சும்மா பொசிட்டிவ் காட்டிக் காசைத் தின்னும். என் மச்சாளுக்கு அப்படித்தான், மிச்ச ஸ்ட்ரிப்பை என்னிடம் தந்துவிட்டாள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். 28 நாள் சுற்று என்றால், மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து எண்ணி, 11ஆம் நாளிலிருந்து பார்க்கத் தொடங்கலாம். நாள் முன்பின் ஆகிறவர்கள் இரண்டு பெட்டியாக வாங்குங்கள், காலாவதித் திகதியையும் பார்த்து.