மியூனிக்கில் முதல் கூரை: ஹாஸ்டலா, சீனியர் அறையா, உள்வாடகையா?

ஜெர்மனியில் படிக்கக் குளிர்காலப் பருவத்துக்கு (செமஸ்டருக்கு) சேர்பவர்கள் பலரும் செப்டம்பர் கடைசி வாரத்தில் மியூனிக் வந்து இறங்குகிறார்கள். பருவம் தொடங்குவது அக்டோபர் 1, வகுப்புகள் அக்டோபர் நடுவில்தான். கொஞ்சம் முன்னால் போனால் நிதானமாக அறை தேடலாம் என்று கணக்கு. நானும் அதே கணக்கைத்தான் போட்டேன். பேரில் அக்டோபர் இருந்தாலும் அக்டோபர்ஃபெஸ்ட் என்ற பீர் திருவிழா செப்டம்பர் பாதிக்கு மேல் தொடங்கி அக்டோபர் முதல் வாரம் வரை நடக்கும் என்பது தெரியாமல் போயிற்று. சித்திரைத் திருவிழா சமயத்தில் மதுரையில் லாட்ஜ் தேடி அலைந்தவர்களுக்கு என் நிலைமை புரியும்.

வாடகை, தூரம், சமையலறை என்று ஒப்பிட ஆரம்பிப்பதற்கு முன்னால், எந்த இடத்தைப் பற்றியும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அங்கே இருந்துகொண்டு முகவரியைப் பதிவு செய்ய முடியுமா? ஜெர்மனியில் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அன்மெல்டுங் என்பார்கள். அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங் என்று பேர்; ஒரே மூச்சில் சொல்ல எனக்கு ஆறு மாதம் ஆனது. வரி எண் அந்தப் பதிவுக்குப் பிறகுதான் தபாலில் வரும். பகுதிநேர வேலைக்குப் போனால் முதலில் கேட்பது அதைத்தான். வசிப்பு அனுமதி (ரெசிடென்ஸ் பெர்மிட்) வாங்கவும் பதிவு வேண்டும். கிளை வைத்து நடத்தும் பல வங்கிகளும் கணக்குத் திறக்க அதையே கேட்கும். அதனால் கீழே சொல்லும் இடங்களை எல்லாம் முதலில் அந்தத் தாளை வைத்துத்தான் எடை போடுகிறேன்.

அரசு சார்ந்த ஸ்டுடியெரெண்டன்வெர்க் நடத்தும் மாணவர் குடியிருப்பில் இடம் கிடைத்துவிட்டால் இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவையில்லை. வெளியே ஆகும் வாடகையில் ஏறக்குறைய பாதிதான், தாளும் பிரச்சினையில்லாமல் வரும். 1972 ஒலிம்பிக்கில் வீராங்கனைகள் தங்கிய இடத்தில் திரும்பக் கட்டிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட குட்டி வீடுகள் இவர்களுடையவைதான். குடியிருப்பவர்களே சுவரில் படம் வரைந்து வைத்திருப்பார்கள், பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் காத்திருப்புப் பட்டியல் வாரக் கணக்கில் இல்லை, பருவக் கணக்கில். விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். முதல் மாதத்துக்கு அது உதவாது.

ஹாஸ்டல் என்றதும் நம் ஊர் கல்லூரி ஹாஸ்டல் நினைவுக்கு வரும். இங்கே ஹாஸ்டல் என்றால் முதுகுப்பையோடு ஊர் சுற்றுபவர்கள் தங்கும் இடம். ஒரு அறையில் ஆறு, எட்டு கட்டில்கள், இரவுக்கு இவ்வளவு என்று கட்டணம். திருவிழா நாட்களில் அந்தக் கட்டணம் சாதாரண நாளைப் போலப் பல மடங்கு. நான் தங்கிய நான்கு இரவுக்குக் கொடுத்த பணத்தில் பிற்பாடு ஒரு மாதம் சாப்பிட்டிருக்கலாம். இரவு இரண்டு மணிக்குத் தோல் கால்சட்டை போட்ட ஒருவர் என் மேல்கட்டிலில் ஏற மூன்று முறை முயன்று, கடைசியில் தரையிலேயே படுத்துவிட்டார். பதிவுக்கான தாளும் இங்கே வாங்க முடியாது. ஒரே ஒரு நல்ல விஷயம், யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. மூன்று நாள் என்றால் சரி. இரண்டு வாரம் என்றால் கையிருப்பு கரைந்துவிடும். அதுவும் விசாவுக்காக முடக்கு கணக்கில் (பிளாக்டு அக்கவுண்ட்) முன்கூட்டியே போட்ட பணம் இங்கே வங்கிக் கணக்கு திறந்து இணைத்த பிறகுதான் மாதத் தவணையாக வரத் தொடங்கும் என்பதால், முதல் சில வாரங்கள் கையில் கொண்டுவந்ததுதான்.

அப்புறம் சீனியர் அறை. தமிழ் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் "அண்ணா, ஒரு வாரம் மட்டும்" என்று ஒரு வரி போட்டால் யாராவது ஒருவர் கதவைத் திறப்பார். செலவில்லை. முதல் நாள் இரவே ரசமும் சாதமும். எந்தக் கடையில் புளி கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், பாட்டிலைத் தூக்கிப் போடாதே 25 சென்ட் திரும்பக் கிடைக்கும் என்று எல்லாம் அந்த ஒரு இரவில் தெரிந்துவிடும். இந்தப் பாடத்தை எந்த ஹாஸ்டலும் தராது. நானும் ஐந்தாம் நாள் அப்படித்தான் ஒரு அண்ணனின் தரையில் விரிப்பு போட்டேன்.

ஆனால் அவர் இருப்பது மாணவர் குடியிருப்பு. விருந்தாளி எத்தனை நாள் தங்கலாம் என்பதற்கு அங்கே விதி உண்டு. வீடு கொடுத்தவர் அவர் இல்லை, அதனால் தாளில் கையெழுத்துப் போட அவரால் முடியாது. இங்கேதான் பலர் தப்புப் பண்ணுகிறார்கள். "சும்மா முகவரிக்கு மட்டும் உங்க வீட்டைப் போட்டுக்கட்டுமா அண்ணா?" என்று கேட்பது. குடியேறாதவருக்குப் பதிவு செய்ய முகவரி கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் போடச் சட்டத்தில் இடமிருக்கிறது. சோறு போட்டவரை அந்த இக்கட்டில் மாட்டிவிடக் கூடாது. ஒரு வாரம் தங்கலாம், ஒரு மூட்டை அரிசி வாங்கி வைத்துவிட்டுக் கிளம்பலாம்.

உள்வாடகைக்கு இங்கே ட்ஸ்விஷன்மீட்டே என்று பேர். ஒரு பருவம் வெளிநாட்டுக்குப் படிக்கவோ பயிற்சிக்கோ போகும் மாணவர்கள் தங்கள் அறையைச் சில மாதங்களுக்கு விட்டுப் போவார்கள். அக்டோபரில் தொடங்கி மார்ச்சில் முடியும் அறைகள் கணிசமாக வரும். கட்டில், மேசை, சட்டி பானை எல்லாம் இருக்கும், நீங்கள் பெட்டியோடு போனால் போதும். பெரும்பாலும் நாலைந்து பேர் பகிர்ந்து வாழும் வீடு, வே-கே என்பார்கள். அறையை விடுபவருக்கு உரிமையாளரின் அனுமதி இருந்தால், தாளில் அவரே கையெழுத்துப் போடலாம். முதல் செய்தியிலேயே பதிவு செய்ய முடியுமா என்று கேட்டுவிடுங்கள். "பதிவு வேண்டாமே, விலையைக் குறைக்கிறேன்" என்றால் விலகிவிடுங்கள்.

இதில் சிரமம், அறை கிடைக்க அந்த வீட்டில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு உங்களைப் பிடிக்க வேண்டும். பெண் பார்க்கும் படலம் போல ஒரு சந்திப்பு. சமையலறை மேசையில் உட்கார வைத்து, என்ன சமைப்பாய், சுத்தம் எப்படி, விருந்து பிடிக்குமா என்று கேட்பார்கள். தாளிப்பேன் என்பதை நான் மறைத்துவிட்டேன். முதல் வாரமே கடுகு வெடித்துப் புகை எச்சரிக்கை மணி அலறியபோது உண்மை வெளியே வந்தது. முதலிலேயே சொல்லியிருக்கலாம், அவர்களுக்கு சாம்பார் பிடித்துத்தான் போனது.

பணக்கணக்கு இதுதான். மியூனிக்கில் பகிர்வு வீட்டில் ஒரு அறைக்கு 700, 800 யூரோ என்பது சாதாரணம். முடக்கு கணக்கிலிருந்து மாதம் வருவது 992 யூரோ. அறைக்கு 750, மருத்துவக் காப்பீட்டுக்கு 140-க்கு மேல் போனால் மீதி நூறுகூட நிச்சயமில்லை. இதோடு முன்பணம். சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்ட வாடகைதாரருக்கு உரிமை உண்டு. இது தெரியாமல் மொத்தமாகக் கொட்டிக் கொடுத்தவர்கள் நிறையப் பேர். "நான் லண்டனில் இருக்கிறேன், பணம் அனுப்பு, சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று ஒரு மின்னஞ்சல் கண்டிப்பாக வரும். அறையை நேரில் பார்க்காமல் ஒரு சென்ட்கூட அனுப்பாதீர்கள்.

தனியார் மாணவர் அடுக்ககங்களும் இருக்கின்றன. இணையத்தில் முன்பதிவு, எல்லாம் தயார், தாளும் வந்துவிடும். பல இடங்களில் அந்த 992-ஐ வாடகையே விழுங்கிவிடும். வீட்டில் தாராளமாக அனுப்ப முடிந்தவர்களுக்கு அது சரி.

பொறியியல் படிப்பவர்கள் கார்ச்சிங்கில் தேடலாமா என்று கேட்பார்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் அங்கேதான், யூ6 மெட்ரோ ரயில் வாசல் வரை போகிறது. தேடலாம். ஆனால் கார்ச்சிங் தனி ஊர். பதிவை அங்கேயே செய்ய வேண்டும், வசிப்பு அனுமதிக்கு மாவட்ட அலுவலகத்துக்குப் போக வேண்டும். மியூனிக் நகர அலுவலகத்தில் வரிசையில் நின்றால் திருப்பி அனுப்புவார்கள்.

இன்று வருகிற தம்பி தங்கைகளிடம் நான் சொல்வது இதுதான். திருவிழாவைத் தவிர்த்து விமானச் சீட்டு போடுங்கள், முடிந்தால் செப்டம்பர் முதல் பாதியில் வந்துவிடுங்கள். மூன்று நாள் ஹாஸ்டல் அல்லது ஒரு வாரம் சீனியர் அறை. அதற்குள் உள்வாடகை அறைக்கான சந்திப்புகளை ஊரிலிருந்தே பேசி வைத்திருங்கள். ஆறு மாதத்துக்குப் பதிவோடு ஓர் அறை கிடைத்தால், கொஞ்சம் விலை கூடினாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அறைக்குள் போனதும் முதல் வேலை, கீழே தபால் பெட்டியில் உங்கள் பேரை எழுதி ஒட்டுவது. இங்கே தபால்காரர் அறை எண் பார்க்க மாட்டார், பேரைத்தான் பார்ப்பார். நான் ஒட்டவில்லை. வங்கி அட்டையின் ரகசிய எண் வந்த கடிதம் அப்படியே திரும்பிப் போய், மறுபடி வர மூன்று வாரம் ஆனது.