குருவிக்கு எது உதவும்: தீனியா, தண்ணீரா, கூடா, செடியா?

மார்ச் 20, உலக சிட்டுக்குருவி தினம் நெருங்கினால் மரக்கூடு விற்பனை சூடு பிடிக்கும். சித்திரை வெயில் ஏறினால் "மொட்டை மாடியில் தண்ணீர் வையுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றும். கைப்பிடிச் சுவரில் தினமும் அரிசியோ கம்போ தூவுகிறவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. சிலர் பேசாமல் நான்கு தொட்டிச் செடிகளை வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லோரும் நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் இந்த நான்கு வழிகளும் ஒரே பலனைத் தருவதில்லை. கொஞ்சம் பிசகினால் கெடுதலாக முடிகிற வழியும் இதில் இருக்கிறது. மாதம் சில நூறு ரூபாயும் தினம் பத்து நிமிடமும் ஒதுக்க முடிகிற ஒருவர், ஊரிலோ நகரத்திலோ தன் வீட்டிலிருந்தே ஏதாவது செய்ய நினைத்தால் எதை முதலில் எடுக்கலாம் என்று பார்ப்போம்.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். நான் எடுத்துக்கொள்வது குஞ்சை. பெரிய சிட்டுக்குருவி தானியம் தின்று வாழ்ந்துவிடும். முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு முதல் சில நாட்கள் தானியம் ஆகாது. புழு, அசுவினி, சின்னச் சின்னப் பூச்சிகள்தான் வேண்டும். பூவில் தேன் குடிக்கும் தேன்சிட்டுகூட தன் குஞ்சுக்குச் சிலந்தியையும் பூச்சியையும்தான் பிடித்து வந்து ஊட்டும். ஆகவே வந்து தின்றுவிட்டுப் பறந்து போகிற பறவைகளை எண்ணுவதைவிட, நாம் செய்வது ஒரு குஞ்சு வளர உதவுகிறதா என்று கேட்பதுதான் சரி.

இன்னொரு விஷயத்தையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையின்படி, நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் கடந்த 25 ஆண்டுகளில் சிட்டுக்குருவிகளின் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை. சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், மும்பை, டெல்லி, கொல்கத்தா ஆகிய ஆறு பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது. செல்போன் கோபுரம்தான் காரணம் என்று நாம் கேட்டு வளர்ந்த கதைக்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஓட்டு வீடுகளின் இடுக்குகள் போய் வழுவழுப்பான சுவர்கள் வந்ததும், குஞ்சுக்குக் கொடுக்கப் பூச்சி கிடைக்காததும்தான் முக்கியமாகச் சந்தேகிக்கப்படுகிற காரணங்கள்.

தீனி

உடனே பலன் கண்ணில் தெரிவது இதில்தான். கைப்பிடி கம்பைத் தூவினால் சில நாளிலேயே பறவை வந்துவிடும். எந்தப் பறவை வருகிறது என்பதில்தான் சிக்கல்.

நகரத்தில் பெரும்பாலும் முதலில் வருவது மாடப்புறா. பாறை இடுக்குகளில் கூடு வைத்து வாழ்ந்த இனம் அது. ஏசி பெட்டியின் பின்பக்கமும் சன்ஷேடும் அதற்குப் பாறை இடுக்குதான். புறாவிடம் இன்னொரு வசதியும் உண்டு: தொண்டையில் உள்ள தீனிப்பையில் பால் போன்ற ஒன்று சுரக்கும், அதை ஊட்டியே முதல் நாட்களில் குஞ்சை வளர்த்துவிடும். அதற்குப் பூச்சி தேட வேண்டிய தேவையே இல்லை. அப்படியானால் நாம் தூவும் தானியம் புறாவுக்குத் தன் வயிற்றையும் குஞ்சின் வயிற்றையும் சேர்த்தே நிரப்புகிறது. அதே தானியம் குருவியின் வயிற்றை மட்டும்தான் நிரப்புகிறது. குஞ்சின் பசி அப்படியே இருக்கிறது. வருடக்கணக்கில் இப்படித் தூவினால் அந்தத் தெருவில் யார் பெருகுவார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

காய்ந்த புறா எச்சத்தின் தூசி தொடர்ந்து மூச்சில் போனால் சிலருக்கு நுரையீரல் அழற்சி வரும். 2025இல் மும்பை மாநகராட்சி புறாக்களுக்குத் தீனி போடும் இடங்களை மூட முற்பட்டதும், அதை எதிர்த்தவர்கள் உயர் நீதிமன்றம் வரை போனதும் இந்தக் கவலையை ஒட்டித்தான். பறவைகளுக்கும் ஆபத்து உண்டு. ஒரே தட்டில் பல பறவைகள் கூடி எச்சமும் தானியமும் கலந்தால் நோய் பரவும். பிரிட்டனில் 2005க்குப் பிறகு கிரீன்ஃபிஞ்ச் என்கிற பச்சை நிறச் சிறு பறவைகள் லட்சக்கணக்கில் குறைந்ததற்கு, தீனித் தட்டுகளில் தொற்றிய ஒட்டுண்ணி நோய் பெரிய காரணம்.

தீனி போட்டே ஆக வேண்டும் என்பவர்களுக்கு நம் ஊரிலேயே அருமையான வழி இருந்தது. அறுவடை முடிந்ததும் நெற்கதிரைக் குஞ்சமாகப் பின்னி வாசலிலோ முற்றத்திலோ தொங்கவிடுவார்கள். தொங்குகிற கதிரில் குருவி தொற்றிக்கொண்டு கொத்தும். கனத்த உடம்புள்ள புறாவால் அது எளிதில் ஆகாது. கிராமத்தில் சொந்தக்காரர்கள் இருந்தால் நாலு கதிர் கேட்டு வாங்கி மாட்டுங்கள். கம்பங்கதிர், தினைக்கதிர் எதுவானாலும் சரி.

சாப்பிடுமுன் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைக்கிற வழக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு பிடி ஒரு பிடியாகவே இருந்தால் நல்லது. மீந்த பிரியாணியையும் மிக்சரையும் மாடியில் கொட்டுவதை நிறுத்த வேண்டும். உப்பும் எண்ணெயும் பறவைக்கு ஆகாது. அதோடு, காக்கைகள் கூட்டமாகச் சேருகிற இடத்தில் தேன்சிட்டின் முட்டையும் குஞ்சும் தப்புவது கஷ்டம்.

தண்ணீர்

தீனியைவிட இது எவ்வளவோ மேல். தானியம் தின்பது, பழம் தின்பது, பூச்சி பிடிப்பது என்று எல்லா வகைப் பறவைக்கும் பயன்படும். அணிலும் குளவியும்கூட வந்து குடிக்கும். புறாவுக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை.

ஆழமில்லாத அகன்ற மண் தட்டு போதும்; இரண்டு விரல் அளவு தண்ணீர், நடுவில் கால் ஊன்ற ஒரு கல். நிழலில் வையுங்கள். பூனை பதுங்குகிற புதருக்குப் பக்கத்தில் வேண்டாம். கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்றுதான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பாத்திரத்தின் உட்சுவரில், தண்ணீர் மட்டத்தை ஒட்டி முட்டையிடும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும். வெறுமனே தண்ணீரை மாற்றினால் போதாது, தேங்காய் நாரால் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தினமும் முடியாவிட்டால் இரண்டு நாளைக்கு ஒருமுறை. ஊருக்குப் போகிறீர்களா, தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போங்கள்.

குஞ்சு அளவுகோலில் இதற்கு நடுத்தர மதிப்பெண்தான் தருவேன். கோடையில் உயிரைக் காக்கும்; ஆனால் குஞ்சின் வாய்க்குள் உணவு வைக்காது.

கூடு

கூட்டுப்பெட்டி எல்லாப் பறவைக்கும் ஆனது இல்லை. பொந்திலும் இடுக்கிலும் முட்டையிடுகிற இனங்கள்தான் இதற்குள் போகும்: சிட்டுக்குருவி, துளை பெரிதாக இருந்தால் மைனா, சில சமயம் குண்டுக்கரிச்சான். கொண்டைக்குருவி என்கிற புல்புல், தேன்சிட்டு, தையல்சிட்டு ஆகியவை இதை ஏறெடுத்தும் பார்க்காது. அவை செடி, கொடி, கம்பி என்று தாமே இடம் பார்த்துக் கட்டிக்கொள்ளும்.

கடையில் விற்கிற பல பெட்டிகளில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அழகுக்காக வாசலில் ஒரு குச்சியை நீட்டி வைத்திருப்பார்கள். குருவிக்கு அந்தக் குச்சி தேவையே இல்லை. முட்டை திருட வரும் காக்கைக்கும் அணிலுக்கும்தான் அது வசதி. வாங்கினால் முதலில் குச்சியைப் பிடுங்கிவிடுங்கள். துளை 32 மில்லிமீட்டர், அதாவது ஒன்றேகால் அங்குலம். அதற்கு மேல் போனால் மைனா பிடித்துக்கொள்ளும். தரையிலிருந்து எட்டு அடிக்குக் குறையாமல், மழை படாத இடத்தில், மேற்கு வெயில் அடிக்காத சுவரில் மாட்டுங்கள். மின்விசிறி சுழல்கிற இடத்துக்குப் பக்கத்தில் கூடவே கூடாது. மழை படாத தாழ்வாரமாக இருந்தால் பழைய செருப்புப் பெட்டியே போதும், காசு செலவில்லை. குருவி கூட்டமாக வாழ்கிற பறவை என்பதால் ஒன்றுக்கு இரண்டாக மாட்டினால் நல்லது.

தெருவில் ஏற்கெனவே குருவி இருந்தால் இது மிக நல்ல உதவி. குருவியே இல்லாத தெருவில் பத்துப் பெட்டி மாட்டினாலும் அவை காலியாகத்தான் தொங்கும். பெட்டி இருப்பிடச் சிக்கலை மட்டும் தீர்க்கிறது. சுற்றுவட்டாரத்தில் பூச்சி இல்லை என்றால் அதற்குள் பொரிக்கிற குஞ்சு பட்டினிதான்.

செடி

நான்கில் மெதுவானது இதுதான். என் பார்வையில் முதலிடமும் இதற்குத்தான்.

கறிவேப்பிலையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் மண் உள்ள வீடுகள் பலவற்றில் இந்தச் செடி இருக்கும். இரண்டு பெரிய பட்டாம்பூச்சிகள் இதில் முட்டையிடுகின்றன: கறுப்பில் வெள்ளைப் புள்ளி வரிசை கொண்ட ஒன்று, மஞ்சளும் கறுப்பும் கலந்து எலுமிச்சையிலும் முட்டையிடும் இன்னொன்று. புழு சின்னதாக இருக்கும்போது பார்ப்பதற்கு அப்படியே பறவை எச்சம்தான். அதுவே அதற்குப் பாதுகாப்பு. வளர்ந்ததும் இலைப் பச்சைக்கு மாறிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போல ஒரு உறுப்பை நீட்டி வாடை விடும். பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல பாடம் வீட்டில் கிடைக்காது.

இந்தப் புழுக்களில் பெரும்பாலானவை பட்டாம்பூச்சி ஆவதில்லை. தையல்சிட்டும் கொண்டைக்குருவியும் கொத்திக்கொண்டு போய்விடும். பார்க்க வேதனையாக இருக்கும். ஆனால் குஞ்சின் வாய்க்குப் போவது அதுதான். தானியத்தாலும் தண்ணீராலும் பெட்டியாலும் தர முடியாததை ஒரு கறிவேப்பிலைச் செடி தருகிறது. பிறகு அது பழுத்தால் குயிலும் கொண்டைக்குருவியும் பழத்துக்காக வரும்.

இதற்கு நாம் கொடுக்க வேண்டிய விலை, ஓட்டை விழுந்த இலையைச் சகித்துக்கொள்வது. மாடித்தோட்டக்காரர்கள் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ரசாயன மருந்து அடிக்கமாட்டார்கள், வேப்பெண்ணெய்க் கரைசலையோ இஞ்சி-பூண்டு-மிளகாய்க் கரைசலையோ வாரம் தவறாமல் அடிப்பார்கள். இயற்கையானது என்பதால் புழுவுக்கு அது பாலாகிவிடாது. வேம்பு புழுவைத் தின்னவும் தோலுரிக்கவும் விடாமல் செய்துவிடும். அசுவினி அதிகமானால் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், பாதி போய்விடும். பொறிவண்டு வந்தால் மீதியைப் பார்த்துக்கொள்ளும். கறிவேப்பிலையில் சமையலுக்கு ஒரு பக்கம், புழுவுக்கு ஒரு பக்கம் என்று விட்டுவிட்டால் இருவருக்கும் போதும்.

வேறு என்ன வைக்கலாம்? தேன்சிட்டுக்கு இட்லிப்பூவும் ஒற்றை அடுக்குச் செம்பருத்தியும். அடுக்குச் செம்பருத்தி நமக்கு அழகு. பறவைக்கும் தேனீக்கும் அவ்வளவாக உதவாது. மஞ்சள் பட்டாம்பூச்சிகளுக்கு ஆவாரையும் சரக்கொன்றையும். வேலி ஓரத்தில் தானாக முளைத்த எருக்கைப் பிடுங்காதீர்கள். ஆரஞ்சு நிற வெந்தய வரியன் அதில்தான் முட்டையிடும், எருக்கம்பாலின் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொண்டு பறவைகளிடமிருந்து தப்பிக்கும். பால் கண்ணில் படாமல் மட்டும் பிள்ளைகளை எச்சரித்து வையுங்கள். அப்புறம் துளசி. பூங்கொத்து வந்ததும் கிள்ளிவிடுகிறோம், இலை நிறைய வரும் என்று. இரண்டு கிளையைப் பூக்க விட்டால் சிறுதேனீயும் கொசுத்தேனீயும் காலையிலேயே வந்துவிடும்.

உண்ணிச்செடி மட்டும் வேண்டாம். பட்டாம்பூச்சி மொய்க்கும், உண்மைதான். ஆனால் அதன் விதையைப் பறவைகள் எங்கும் கொண்டுபோகின்றன. முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் அது பரவி, மான்களும் காட்டெருதுகளும் மேய வேண்டிய புல்லை முளைக்கவிடாமல் செய்திருக்கிறது.

செடியின் குறை பொறுமைதான். பெட்டியை இன்றே மாட்டிவிடலாம். கறிவேப்பிலை பழுக்க வருடங்கள் ஆகும். தொட்டியின் பாரத்தை மாடி தாங்குமா என்று பார்க்க வேண்டும், வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரின் அனுமதியும் வேண்டும்.

ஒன்றும் செய்யாமல் விடுவது

இதை யாரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் 2020இல் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சிறு பறவை கூடு கட்டி முட்டையிட்டது. குஞ்சு பறக்கும்வரை, ஒரு மாதத்துக்கும் மேலாக ஊர் மக்கள் தெருவிளக்கைப் போடாமலே இருந்தார்கள். அதே மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. நம் வீட்டில் இதன் சிறிய அளவு இப்படி இருக்கும்: துணி காயும் கம்பியில் தேன்சிட்டு கூடு தொங்கவிட்டால் மூன்று நான்கு வாரம் வேறு கம்பியில் துணி போடுவது; தையல்சிட்டு தைத்த இலையை வெட்டாமல் விடுவது; சுவர் பூசும்போது குருவி போய் வருகிற ஓட்டையை அடைக்காமல் கொத்தனாரிடம் சொல்லி வைப்பது. பணம் செலவில்லை, பலன் நேராகக் குஞ்சுக்கே போகிறது. செடிக்கு அடுத்த இடத்தை இதற்குத்தான் தருவேன்.

யாருக்கு எது

நாலாவது மாடி ஃபிளாட், கொஞ்சம் வெயில் படும் பால்கனி என்றால் தண்ணீர்த் தட்டும் ஒரு துளசியும். தானியம் வேண்டவே வேண்டாம், அங்கே வருவது முழுக்கப் புறாதான். தனி வீடும் கொஞ்சம் மண்ணும் இருந்தால் முதலில் கறிவேப்பிலை, அடுத்து செம்பருத்தி, மூன்றாவதாகத் தண்ணீர். தெருவில் குருவிச் சத்தம் கேட்கிற ஊராக இருந்தால் இவற்றோடு இரண்டு பெட்டியும் ஒரு கதிர்க் குஞ்சமும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் தூக்கிச் செல்லக்கூடிய தொட்டியில் எலுமிச்சை வைக்கலாம்.

எதைச் செய்தாலும் அது பலிக்கிறதா என்று தெரிய ஒரு குறிப்பு வேண்டும். மாதம் ஒருமுறை காலையில் பதினைந்து நிமிடம் மாடியில் நின்று, எந்தப் பறவை எத்தனை என்று எழுதி, பறவைக் குறிப்புகளைச் சேகரிக்கும் ஈபேர்ட் செயலியில் ஏற்றுங்கள். முதலில் சொன்ன 2020 அறிக்கையே பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் இப்படி ஏற்றிய குறிப்புகளிலிருந்து உருவானதுதான். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும், பிப்ரவரியில் நான்கு நாள் உலகளவிலான வீட்டுப்புறப் பறவைக் கணக்கெடுப்பும் நடக்கின்றன. காக்கை, மைனா, புறா மட்டும் வந்தாலும் அதையும் எழுதுங்கள். செடி வைப்பதற்கு முந்தைய மாதத்திலிருந்தே தொடங்கினால் ஒப்பிட வசதியாக இருக்கும்.