பூங்காவுக்குக் காசு: வெளிநாட்டு உண்டியலா, ஊர்த் தண்டலா?

வன்னியில், எங்கள் ஊரின் வாய்க்கால்கரைச் சிறுவர் பூங்காவில் இன்று பழுதில்லாமல் நிற்பவை இரண்டு. ஒன்று, யாரும் நடாமல் தானாக வளர்ந்த மருதமரம். மற்றது, அன்பளிப்புச் செய்தவர்களின் பெயர் பொறித்த கருங்கல். ஊஞ்சல்கள் சங்கிலி இல்லாமல் வெறும் இரும்புச் சட்டமாக நிற்கின்றன. தகரச் சறுக்கு சித்திரை வெயிலில் தோசைக்கல். பிள்ளைகள் அதில் ஏறுவதில்லை; அதன் நிழலில் ஆடுகள் படுத்திருக்கும்.

சனசமூக நிலையத்தின் கூட்டக் குறிப்பை எழுதுவது என் வேலை. பூங்காவைத் திருத்தக் காசு எங்கே எடுப்பது என்ற கதையை மூன்று வருடமாக எழுதுகிறேன். ஒவ்வொரு கூட்டத்திலும் அதே நாலைந்து வழிகள்தான் சுற்றிச் சுற்றி வரும். அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. எல்லா வழியையும் நான் உரசிப் பார்ப்பது ஒரே கேள்வியில்தான்: திறப்பு விழா முடிந்து இரண்டாம் வருடம் ஊஞ்சல் சங்கிலி அறுந்தால், அடுத்த கிழமை புதுச் சங்கிலியோடு யார் வருவார்?

முதலில் எல்லோர் வாயிலும் வருவது வெளிநாட்டுக் காசு, அதாவது புலம்பெயர்ந்த எங்கள் ஊரவர் அனுப்புவது. வேகத்தில் இதை எதுவும் வெல்லாது. ஊர் வட்ஸ்அப் குழுவில் இரவு ஒரு படம் போட்டால், விடியும்போது லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் "எவ்வளவு தேவை?" என்று குரல்பதிவு வந்திருக்கும். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது, அங்கிருந்து வரும் அதே நூறு டொலர் இங்கே திடீரென்று கனத்தது. சீமெந்து விலையும் அதே வருடம் இரண்டு மடங்குக்கு மேல் போனதை அவர்களுக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு வேறு. "தம்பி, போன வருசம் சொன்ன கணக்கு வேற, இப்ப சொல்ற கணக்கு வேற எல்லே" என்றார் ஒரு அண்ணை. அவர் கேட்டதில் பிழையில்லை. அத்தனை தொலைவில் இருந்து பார்த்தால் எனக்கும் சந்தேகம்தான் வந்திருக்கும்.

கல்லில் பெயர் போடுவதைப் பலர் நக்கலடிப்பார்கள். எனக்கு அதில் குறையில்லை. கோயில் ரியூப் லைற்றில் வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்கு உபயகாரர் பெயர் எழுதுகிற சனம் நாங்கள். என் முறைப்பாடு நாட்காட்டி பற்றியது. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்கு வருவது ஆடி, ஆவணியில். அங்கே பள்ளிக்கூட விடுமுறை. ஆகவே திறப்பு விழாவும் அப்போதுதான். வன்னியில் அது சோளகக் காற்று புழுதியை வாரி அடிக்கிற காலம், கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கும். நாடா வெட்டிய கையோடு நட்ட இருபது கன்றில் புரட்டாசியைக் கண்டது மூன்று. அந்த மூன்றையும் கட்டாக்காலி மாடுகள் முடித்துவைத்தன. மாரி தொடங்கும் ஐப்பசியிலோ, வட மாகாணத்தில் மரநடுகை மாதமாகவே கொண்டாடுகிற கார்த்திகையிலோ நட்டிருந்தால் மழையே தண்ணீர் ஊற்றியிருக்கும். படத்துக்கு நிற்க ஆள் இருந்திருக்காது, அவ்வளவுதான்.

வடிவமும் அங்கிருந்தே வருகிறது. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பூங்காவின் படத்தை அனுப்பி "இப்பிடிச் செய்வம்" என்றார்கள். வெட்டவெளி, இறப்பர் தரை, பளபளக்கும் சறுக்கு. குளிர் நாட்டில் பூங்கா வெயிலைத் தேடிக் கட்டப்படுகிறது. எங்களுக்கு வேண்டியது நிழல். சங்கிலிக் கேள்வியிலும் இந்த வழி தோற்றுவிடுகிறது. புதுப் பூங்காவுக்கு ஐந்து லட்சம் கேட்பது சுலபம். சங்கிலிக்கு ஆறாயிரம் கேட்டு லண்டனுக்கு அழைப்பெடுக்க எனக்கு நாக்கு எழவில்லை.

அரசியல்வாதிகளின் ஒதுக்கீட்டு நிதியை ஊர்க்காசு என்று சொல்ல முடியாது. ஆனாலும் பின்வரிசையில் இருந்து யாராவது ஞாபகப்படுத்துவார்கள். அது மார்கழி (டிசம்பர்) 31க்குள் செலவழிக்கவேண்டிய காசு; மிச்சம் திறைசேரிக்குத் திரும்பிவிடும். வருடக் கடைசியில் வந்து சேர்ந்தால் கொட்டும் மழையில் கொங்கிறீற் போடவேண்டும். போட்டும் இருக்கிறார்கள். கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி வைத்துச் சேர்ப்பது பெடியளின் யோசனை. கலகலப்பான ஒரு நாள் கிடைக்கும். பந்து, வலை, வெற்றிக் கிண்ணம், சாப்பாடு கழித்தால் கையில் நிற்பது நன்றி அறிவித்தலுக்குக் காணும்.

அடுத்தது வீட்டுக்கு வீடு மாதக்காசு. கணக்காக எழுதினால் அழகாக இருக்கும். 120 வீடு, மாதம் 200 ரூபா: 24,000. வருடத்துக்கு 2,88,000. சங்கிலி மட்டுமல்ல, புல்லு வெட்டுகிற ஆளுக்குச் சம்பளமும் வரும். நாங்கள் இதைச் செய்தும் பார்த்தோம். முதல் மாதம் 90 வீட்டுக்கு மேல் தந்தது. நாலாம் மாதம் 20ஐத் தாண்டவில்லை. கொப்பி கொண்டு போன அக்கா ஐந்தாம் மாதம் "இனி என்னால ஏலாது, நாய்தான் வாசலுக்கு வருது" என்று கொப்பியை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு ஊரைத் திட்டினேன். பிறகு யோசித்தால் பிழை எங்கள் யோசனையில்தான் இருந்தது. மாதக்காசு என்பது மாதச் சம்பளக்காரரின் பழக்கம். இங்கே ஆசிரியரையும் கிராம அலுவலரையும் விட்டால் மாதம் மாதம் காசு காண்கிற வீடு எத்தனை? கமக்காரர் வீட்டில் ஐப்பசியில் விதைநெல்லுக்கும் கார்த்திகையில் பசளைக்கும் காசு போகும். மார்கழியில் நகை அடகுக் கடையில் இருக்கும். அந்த நேரம் வாசலில் நின்று இருநூறு கேட்பது, தொகை சின்னதென்றாலும், ஆளைக் கூச வைக்கிற வேலை.

காசு இருக்கிற காலம் ஒன்று உண்டு. தை பிற்பாதியிலிருந்து பங்குனி வரை, மாரி மழையில் விளையும் காலபோக நெல் வெட்டி முடிந்த பிறகு. கோயில்காரர் இதைக் காலகாலமாக அறிந்து வைத்திருக்கிறார்கள், நெல்லாகவே வாங்குவார்கள். ஏக்கர் கணக்குப் பார்த்துக் கொடுப்பதும் கமக்காரருக்குப் புதிதில்லை. குளத்துத் தண்ணீரில் செய்யும் சிறுபோகத்துக்கான கூட்டத்தில் யாருக்கு எத்தனை ஏக்கர் தண்ணீர் என்று பங்கிட்டுப் பழகியவர்கள். வாய்க்கால் துப்புரவும் பங்குப்படிதான். தண்டுவது, அதாவது ஊராரிடம் கேட்டுச் சேர்ப்பது, என்ற சொல்லில்கூட எங்களுக்கு வெட்கம் இல்லை. வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலுக்கு முன் நடக்கும் பாக்குத்தெண்டல் ஒரு சடங்கே அல்லவா?

ஆகவே அறுவடைத் தண்டல்: வருடத்துக்கு ஒரு தரம், ஏக்கருக்கு இத்தனை கிலோ நெல் அல்லது அதன் விலை. இதிலும் ஓட்டை உண்டு. அறுவடை நேரம் நெல்விலை விழுந்து கிடக்கும். வாங்கிய நெல்லைக் காய வைத்து மூடை கட்டி வைக்க இடம் வேண்டும். 2024 கார்த்திகை வெள்ளம் போல ஒன்று வந்து வயல் அழிந்தால் அந்த வருடம் கொப்பியைத் திறக்கவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வயல் இல்லாத வீடுகள் இருக்கின்றன. கூலிக்குப் போகிறவர்கள், தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்கள். அதிகமாகப் பூங்காவுக்கு வருவது அவர்களின் பிள்ளைகள்தான்.

இங்கேதான் சிரமதானத்தை, ஊர்கூடிக் கூலியில்லாமல் செய்யும் வேலையை, சேர்க்கவேண்டும், ஆனால் வழக்கமான மாதிரி அல்ல. அமெரிக்காவின் சியாட்டல் நகரசபை 1980களின் கடைசியிலிருந்து அயலவர் செய்யும் வேலைக்கு ஈடாக நிதி தருகிறது. ஆட்கள் வந்து உழைத்த மணித்தியாலத்தையும் காசாக மதித்து ஊரின் பங்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். நாங்கள் சிரமதானம் செய்தால் தேநீரும் பணிசும் கொடுத்து மறந்துவிடுகிறோம். ஒரு நாள் வேலிக்குக் குழி தோண்டியவரின் பெயருக்கு நேரே ஒரு நாள் கூலியைக் கொப்பியில் வரவாக எழுதினால், அவரும் காசு தந்தவரும் கூட்டத்தில் ஒரே குரலில் கதைக்கலாம். கடைசியாகக் கூடியபோது இதைச் சொன்னேன். ஒரு முதியவர் மட்டும் "கூலியை எழுதிப்போட்டு கேக்கிற நேரம் குடுக்க மாட்டியள்" என்றார். சிரித்துச் சமாளித்தோம்.

பிரதேச சபையை விட்டுவிட்டு இதில் எந்த வழியும் ஓடாது. பிரதேச செயலகம் வேறு (அது அரச அலுவலகம்), பிரதேச சபை வேறு (அது தேர்தலில் தெரிவாகும் சபை) என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தவறான வாசலில் நாங்கள் ஒரு வருடம் கடிதம் கொடுத்திருக்கிறோம். காணி யார் பெயரில் இருக்கிறது, மின்சாரப் பட்டியலை யார் கட்டுவது, பிள்ளை விழுந்தால் யார் பொறுப்பு, இவை கடதாசியில் இருக்கவேண்டும். நியூயோர்க்கின் சென்ட்ரல் பூங்காவைத் திருத்த 1980இல் தனியார் நன்கொடையில் ஓர் அமைப்பு தொடங்கினார்கள். அவர்களும் 1998இல் நகர நிர்வாகத்தோடு ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். பூங்கா இன்றும் நகரத்துடையதுதான். 2023 பங்குனியில் பதவிக்காலம் முடிந்து 2025 வைகாசித் தேர்தல் வரை சபைகளில் உறுப்பினர்கள் இல்லாமல் செயலாளர்களே நடத்தினார்கள். வாய்ப்பேச்சாகத் தவிசாளர் தந்த வாக்கு எல்லாம் அந்த இடைவெளியில் காற்றோடு போனது. எழுதி வைத்திருந்தவர்களுக்குக் காட்ட ஒரு தாளாவது மிஞ்சியது.

சரி, எந்தக் காசு எதற்கு? என் பக்கச் சாய்வைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக் காசை ஒரே ஒரு தரம் கேட்பேன்: வேலிக்கும் குழாய்க்கிணற்றுக்கும். இரண்டும் ஊஞ்சலைப் போலக் கிழமைக்குக் கிழமை ஆள் பார்க்கவேண்டிய சாமான் இல்லை. வேலி இல்லாமல் நடுகிற மரம் மாட்டுக்குத் தீன். தண்ணீர் இல்லாத வேலி வெறும் கம்பி. ஊஞ்சல், சறுக்கு, விளக்கு போன்று தேய்கிற, உடைகிற சாமான் எல்லாம் அறுவடைத் தண்டலில் வரட்டும். அது சின்னக் காசு, மெதுவாக வரும். அதனால் ஒரு வருடத்தில் ஓர் ஊஞ்சல்தான் கிடைக்கும். பிள்ளைகள் வரிசையில் நிற்கட்டும்.

கூட்டத்தில் இது பாதிதான் நிறைவேறியது. வேலிக்கு ரொறன்ரோவில் ஒரு குடும்பம் சம்மதித்தது. கல் வேண்டாம், படலையில் சின்னத் தகடு போதும் என்றார்கள். குழாய்க்கிணறு இழுபடுகிறது. தண்டலுக்கு ஏக்கருக்கு ஐந்து கிலோ என்று முடிவாகி, கொப்பி மறுபடி என் மேசைக்கு வந்திருக்கிறது. முன்பு அதைக் கொண்டு திரிந்த அக்காவைக் கேட்டேன். "நெல் வெட்டி முடிய வாறன், அதுக்கு முந்திக் கூப்பிடாதேங்கோ" என்றார். சங்கிலி விலை கேட்க இரும்புக் கடைக்கும் போனேன். கடைக்காரர் சட்டத்தின் அளவைக் கேட்டுவிட்டு, "சங்கிலி ஏன் தம்பி, பழைய லொறி ரயர் ரெண்டு கிடக்கு, கயிற்றில கட்டுங்கோ, பிள்ளையளுக்கு அதுதான் விருப்பம்" என்றார். ரயர்கள் இப்போது என் வீட்டு விறாந்தையில் கிடக்கின்றன.