கோலின் இல்லாத் தீனி: எம்சிடியா, சிடிஏஏவா, சிடிஏஎச்எஃப்டியா?

கொழுப்புக் கல்லீரல் ஆய்வுக்கு விலங்கு மாதிரி தேடும்போது வைட்டமின் போன்ற பொருள்களில் மூன்று பெயர்கள் அடிபடும்: கோலின், இனோசிடால், கார்னிடைன். தீனியிலிருந்து நீக்கி நோயை வரவழைக்க, மூன்றில் கோலின் மட்டுமே எளிதில் வசப்படும். தலைப்பில் உள்ள மூன்றும் அப்படிப்பட்ட தீனிகள்: எம்சிடி (மெத்தியோனினும் கோலினும் இல்லாதது), சிடிஏஏ (கோலின் இல்லாமல் அமினோ அமிலங்களால் ஆனது), சிடிஏஎச்எஃப்டி (அதே வகையில் கொழுப்பு கூடியது). கார்னிடைனை எலி லைசின், மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்களிலிருந்து தானே செய்துகொள்ளும். இனோசிடாலும் எலியின் உடம்பிலேயே உருவாகிறது. தேங்காய் எண்ணெய் சேர்த்த தீனியில் இனோசிடால் இல்லாவிட்டால் பெண் ஜெர்பில்களின் (எலி போன்ற சிறு விலங்கு) குடலில் கொழுப்பு தேங்கும். நம் பக்கத்தில் ஜெர்பில் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்?

கோலினையும் ஈரல் ஓரளவு செய்கிறது. அதற்கு வேண்டிய மெத்தில் தொகுதி மெத்தியோனினிலிருந்து வருகிறது. 1932-இல் டொரான்டோவில் சார்லஸ் பெஸ்ட் குழுவினர் லெசித்தின் கொடுத்து எலி ஈரலில் கொழுப்பு சேர்வதைத் தடுத்தார்கள். அதற்குக் காரணம் கோலின் என்று பிறகு தெரிந்தது. கோலின் குறைந்தால் பாஸ்ஃபாட்டிடைல்கோலின் (லெசித்தின் வகைக் கொழுப்பு) குறையும். அது இல்லாமல் ஈரல் தன் கொழுப்பை விஎல்டிஎல் என்ற துகளாக ரத்தத்துக்கு வெளியே அனுப்ப முடியாது. ஆகவே கோலினை எடுத்துவிட்டு மெத்தியோனினை அப்படியே விட்டால் பாதி வேலைதான் நடக்கும். ஆய்வகங்களின் வழக்கமான ஏஐஎன்-93ஜி தீனியில் கிலோவுக்கு 200 கிராம் கேசின் (பால் புரதம்). அதிலேயே சுமார் 5 கிராம் மெத்தியோனின் வந்துவிடுகிறது. அந்தத் தீனியிலிருந்து 2.5 கிராம் கோலின் பைடார்ட்ரேட்டை (கோலின் உப்பு) மட்டும் நீக்கிவிட்டு, ஈரல் ஏன் பெரிதாகக் கெடவில்லை என்று குழம்புவதில் பொருளில்லை.

எம்சிடியில் இரண்டுமே இல்லை. சர்க்கரை சுமார் 40 சதவீதம், எண்ணெய் 10 சதவீதம். சுண்டெலிக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் கொழுப்பும் அழற்சியும் ஏறும்; எட்டு, பத்து வாரத்தில் நார்த்திசு (ஈரலில் படியும் தழும்பு) தெரியும். அழற்சி வரும் வேகம்தான் இதன் பலம். ஆனால் விலங்கு மெலிந்துபோகும், இன்சுலின் எதிர்ப்பு வராது, ரத்த டிரைகிளிசரைடும் இறங்கும். பருத்த உடம்பும் சர்க்கரை நோயுமாக வரும் மனிதக் கொழுப்பு ஈரலோடு இதை ஒப்பிட்டு எழுதினால் மதிப்பீட்டாளர் கேள்வி கேட்பார்; கேட்கவும் வேண்டும். விலங்கு நெறிமுறைக் குழுவுக்குத் தரும் விண்ணப்பத்தில் எத்தனை சதவீத எடை இழப்பில் சோதனை நிறுத்தப்படும் என்பதை முன்கூட்டியே எழுதிவிடுங்கள். பல இடங்களில் 20 சதவீதம்தான் எல்லை. எம்சிடி அதை எளிதில் தாண்டிவிடும்.

சிடிஏஏவில் புரதத்துக்குப் பதில் தனி அமினோ அமிலங்கள். கோலின் இல்லை, மெத்தியோனின் குறைவு. எடை இறங்காது. எலிகளில் ஓராண்டளவில் ஈரல் இறுக்கமும் கட்டிகளும் வரை போகும். சுண்டெலியில் மெதுவாகவே நகரும். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டிய ஆய்வுக்கு ஒத்துவராது.

சிடிஏஎச்எஃப்டியில் கலோரியில் 60 சதவீதம் கொழுப்பு, மெத்தியோனின் 0.1 சதவீதம். எடையை ஓரளவு காத்துக்கொண்டே ஆறு வாரத்துக்குள் நார்த்திசு தரக்கூடியது. சுண்டெலியில் நார்த்திசுதான் இலக்கென்றால் எம்சிடியைவிட இதுவே மேல். குறுகிய அழற்சி ஆய்வுக்கு மட்டும் எம்சிடி போதும்.

விலங்கின் வயதும் கணக்கில் வரும். பால் மறந்த கையோடு, சுமார் 40 கிராம் எடையுள்ள எலிக்குட்டிக்குக் கோலினும் மெத்தியோனினும் குறைந்த தீனி கொடுத்தால் சிறுநீரகத்தில் ரத்தக்கசிவு வரும், அதுவும் சுமார் ஒரு வாரத்தில். 1939-இலேயே கிரிஃபித், வேட் என்ற ஆய்வாளர்கள் காட்டியது இது. ஈரல் வேண்டுமென்றால் வளர்ந்த எலி எடுங்கள்.

தீனியை ஆய்வகத்திலேயே கலப்பவர்கள் எண்ணெயில் கவனமாக இருக்க வேண்டும். செட்டிநாட்டுச் சமையலுக்கு மரச்செக்குக் கடலை எண்ணெய் நல்லதுதான்; இங்கே அதுவே கெடுதல், ஏனென்றால் செக்கெண்ணெயில் லெசித்தின் தங்கியிருக்கும், அதோடு கோலினும் உள்ளே வந்துவிடும். பசை நீக்கிச் சுத்திகரித்த எண்ணெயே வேண்டும். கூண்டுக்கடியில் போடும் நெல் உமியும் அப்படியே. உமியில் ஒட்டியிருக்கும் தவிட்டை எலி கொறிக்கும்; தவிட்டில் உள்ள பைட்டேட் என்ற சேர்மத்தின் வழி இனோசிடாலும் பி வைட்டமின்களும் கிடைத்துவிடும். கம்பிவலைத் தரையோ தவிடு ஒட்டாத படுகையோ போடுங்கள்.

கட்டுப்பாட்டுக் குழுவுக்குக் கடையில் வாங்கும் சாதாரணத் தீனியைக் கொடுத்தால் ஒப்பீடே கெட்டது: நார், கொழுப்பு, புரதம் எல்லாமே மாறிவிடும். எம்சிடிக்குச் சரியான கட்டுப்பாடு, அதே தீனியில் கிலோவுக்கு 3 கிராம் டிஎல்-மெத்தியோனினும் 2 கிராம் கோலின் பைடார்ட்ரேட்டும் சேர்த்தது. கோலின் குளோரைடு வாங்காதீர்கள். ஈரத்தை உறிஞ்சும், வைட்டமின் கலவையோடு நாள்பட இருந்தால் மற்ற வைட்டமின்களையும் கெடுக்கும்.

சித்திரை, வைகாசியில் காரைக்குடியில் மின்சாரம் போய் விலங்கு அறை சூடானால் எல்லா எலியும் தீனியைக் குறைக்கும். எடை இறங்கியது கோலின் குறைவாலா, சூட்டாலா என்று பிறகு பிரித்துச் சொல்ல வழியிருக்காது. மாற்று மின்சாரம் இல்லையென்றால் ஐப்பசிக்குப் பிறகு தொடங்குங்கள். எந்தப் பருவமானாலும் தினம் தீனியை எடைபோட்டு, கட்டுப்பாட்டுக் குழுவிலும் ஒரு பகுதிக்கு நோய்க்குழு தின்ற அளவே கொடுங்கள். கொழுப்பு கூடிய தீனி சீக்கிரம் காறல் அடிக்கும். நாள்பட வைப்பதை மைனஸ் 20 டிகிரியிலும், அந்த வாரத்துக்கானதை 4 டிகிரியிலும் வைத்து, கூண்டில் இருப்பதை இரண்டு நாளுக்கொருமுறை மாற்றுங்கள்.